‘பி.ரி.ஏ.’ என்று எழுதும் சகபாடிகளுக்கு

சென்ற மாதம் ரொறொன்ரோவிலிருந்து எனது மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். நான்கு வயதில் இங்கிருந்து போனவள். அங்கே பல்கலைக்கழகமொன்றில் முதுமாணிப் பட்டத்துக்காக வடக்கு கிழக்கின் எண்பதுகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். தமிழைத் தடக்கித் தடக்கித்தான் வாசிப்பாள், ஆனால் வாசிப்பாள். அவள் கேட்ட கேள்வி இது:

“மாமா, உங்கட கூட்டமைப்பு எண்பத்தொன்பதிலயே பெடியளைப் பிடிச்சு ஆமிக்குச் சேர்த்ததாமே? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

ஒரு கணம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கே வாசித்தாய் என்று கேட்டபோதுதான் சங்கதி தெரிந்தது. அக்காலத்து அறிக்கை ஒன்றில், ‘ரி.என்.ஏ.’ இளைஞர்களைப் பலவந்தமாகப் படைக்குச் சேர்த்தது என்று மூன்று எழுத்துக்களில் எழுதியிருக்கிறார்கள். அது தமிழ்த் தேசிய இராணுவம். இந்தியப் படை வெளியேற ஆயத்தமான 1989 இல், அதன் ஆதரவோடு ஈ.பி.ஆர்.எல்.எவ். உள்ளிட்ட இயக்கங்கள் கட்டியெழுப்பிய படை. தெருவிலும் ரியூசன் வாசலிலும் பிள்ளைகளைப் பிடித்தார்கள். எனது தலைமுறையினர் அந்த மாதங்களை மறந்திருக்க மாட்டார்கள். மருமகளுக்குத் தெரிந்த ‘ரி.என்.ஏ.’யோ 2001 இல் உருவான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு. எழுத்துக்கள் ஒன்றே, பொருள் வேறு. கூட்டமைப்பைத் தொடக்கிய நான்கு கட்சிகளில் ஈ.பி.ஆர்.எல்.எவ். இன் ஒரு பிரிவும் இருந்தது என்ற சிக்கலையும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்வதற்கு அரை மணித்தியாலம் சென்றது. ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் பேசியது வரலாறு. அதற்கு முன்னர் அவளிடம் இருந்தது மூன்று எழுத்துக்கள் மாத்திரமே.

தமிழில் சுருக்கியிருந்தால் முன்னது த.தே.இ., பின்னது த.தே.கூ. என்று ஆகியிருக்கும். குழப்பத்துக்கு இடமே இருந்திராது. நாங்கள் அப்படி எழுதவில்லை. ஆங்கில எழுத்துக்களின் ஓசையைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு, தமிழில் எழுதிவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பத்தி அந்த நம்பிக்கைக்கு எதிரானது. முப்பது ஆண்டுகளாக அதே பிழையைச் செய்தவன் என்ற வகையில் எனக்கும் எதிரானது.

சுருக்கி எழுதுவது தமிழுக்கு அந்நியமானதன்று. பழைய காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். நாளுக்கும் மாதத்துக்கும் வருடத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. ‘மேற்படி’ என்பதற்குக்கூட ஒரு குறி. நொத்தாரிசு அவற்றை விளாசித் தள்ளியிருப்பார். எங்கள் பாட்டன்மார் தடையின்றி வாசித்தார்கள். அச்சுக் காலத்திலும் அது தொடர்ந்தது. 1958 இல் பஸ் சேவைகளை அரசு பொறுப்பேற்றபோது பிறந்த இலங்கைப் போக்குவரத்துச் சபை, ‘இ.போ.ச.’ என்று ஊரெல்லாம் ஓடியது. பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்துத் தமிழ் படித்த பிள்ளைகள் உண்டு. நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற ப.நோ.கூ.ச., பிள்ளைகளின் தலைவிதியை நிர்ணயித்த க.பொ.த., தோட்டங்களில் இ.தொ.கா., பாடசாலைப் பெயருக்கு முன்னால் வரும் யா/, கிளி/, மட்/ எல்லாம் நமது சொந்தச் சுருக்கங்கள். இவற்றை விரிக்கத் தெரியாத தமிழர் குறைவு. விரிக்கத் தெரியாதவரும் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டால் தமிழிலேயே விடை கிடைக்கும். முதலெழுத்து விரல் நீட்டிக் காட்டும் சொல் அதே மொழியில்தான் இருக்கிறது.

இளைஞர்கள் கைத்தொலைபேசியில் பரிமாறிக்கொள்ளும் மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சிரிப்புகளோடும் எனக்குச் சண்டை கிடையாது. ஒரு குழுவுக்குள் எல்லோருக்கும் பொருள் தெரிந்த சங்கேதம் அது. தெரியாதவன் வெளியாள், வெளியாளுக்காக அவர்கள் எழுதவில்லை. பத்திரிகை எழுதுவதோ வெளியாளுக்கு. செய்தி தெரியாதவனுக்குச் செய்தி சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம்.

எனவே எனது முறைப்பாடு சுருக்கத்தின் மீதன்று. விரிக்க முடியாத சுருக்கத்தின் மீது. அதிலும் குறிப்பாக, விரித்தால் எவருக்கோ சங்கடம் தரக்கூடிய சுருக்கங்களின் மீது.

பி.ரி.ஏ. என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 ஜூலையில் பாராளுமன்றம் நிறைவேற்றிய 48ஆம் இலக்கச் சட்டத்தின் முழுப்பெயர், பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம். அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கவனியுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு மாத்திரமே நடைமுறையில் இருக்கும் என்று அச்சட்டமே சொன்னது. அதே ஜூலையில்தான், ஆண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட்டு வருமாறு பணித்து பிரிகேடியர் வீரதுங்கவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன. படைத்தளபதிக்கு ஏறத்தாழ ஆறு மாதம், சட்டத்துக்கு மூன்று ஆண்டு. 1982 இல் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்து அந்த மூன்றாண்டு எல்லையை அகற்றியது. சட்டம் நிரந்தரமாயிற்று. பெயரை மாத்திரம் எவரும் மாற்றவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து 2022 இல் திருத்தியபோதும், தடுப்புக்காவலின் உச்ச எல்லையைப் பதினெட்டு மாதங்களிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தார்கள். ‘தற்காலிக’ என்ற சொல் இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்தச் சட்டத்துக்கு எதிராக எந்தச் சட்டத்தரணியும் எந்த ஜெனீவாத் தீர்மானமும் சொல்வதைவிடக் கூடுதலாக அதன் சொந்தப் பெயரே சாட்சி சொல்கிறது. ‘தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் பதினைந்து வருடமாகத் தடுத்து வைக்கப்பட்டவர்’ என்று ஒரு செய்தி வந்தால், வாசகர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி வாசிப்பார். ‘பி.ரி.ஏ. கைதி’ என்று வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவார். நாங்கள் எழுதியது இரண்டாவதை. ‘பயங்கரவாதத் தடைச் சட்டம்’ என்று தமிழில் எழுதியபோதும் அடைப்புக்குறியை விட்டுவிட்டுத்தான் எழுதினோம். அந்தச் சொல்லைக் கண்ணில் படாமல் அகற்றும் வேலையை அரசு செய்யவில்லை. அரசு வர்த்தமானியில் ஒழுங்காகத்தான் அச்சிட்டது. அகற்றியவர்கள் நாங்கள்.

பிறகு மாற்றுச் சட்டங்களின் வரைவுகள் வந்தன. 2018 இல் சி.ரி.ஏ., 2023 இல் ஏ.ரி.ஏ. பெரும்பாலான செய்திகளில் எழுத்து மாறியதைத்தான் வாசகர் அறிந்தார். கைது செய்யும் அதிகாரமும் தடுத்துவைக்கும் காலமும் எவ்வாறு மாறின என்பதை அறியவில்லை.

இன்னொன்று, இதைவிட விசித்திரமானது. ‘ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் கைது’ என்று எத்தனை தலைப்புக்கள் வாசித்திருப்பீர்கள்! அந்த ஐந்து எழுத்துக்களும் ஏதோ ஒரு பயங்கரக் குற்றத்தின் பெயர் போலவே ஒலிக்கின்றன. 2007 ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் அது. விரித்தால், குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம். உரிமைகள்! பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் உள்ளடக்கிய உலக சமவாயமொன்றின் பெயரைத் தாங்கிய சட்டம். வெறுப்பைத் தூண்டுவதைத் தடைசெய்யும் அதன் 3ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு, 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவை ஒரு சிறுகதைக்காகக் கைதுசெய்து மாதக்கணக்கில் மறியலில் வைத்தார்கள். ‘உரிமைகள் சமவாயச் சட்டத்தின் கீழ் எழுத்தாளர் கைது’ என்று ஒரு தலைப்பு வந்திருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த முரண்பாட்டை விளக்க ஓர் ஆசிரியத் தலையங்கமே தேவைப்பட்டிராது.

அடுத்த ஆண்டே, 2020 மே மாதத்தில், ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதை நூலின் பெயரால் அஹ்னாப் ஜஸீம் பி.ரி.ஏ. இன் கீழ் கைதானார். தமிழில் கவிதை எழுதிய ஓர் இளைஞர். 2021 டிசெம்பரில்தான் பிணையில் வெளியே வந்தார். தமிழ்க் கவிதை ஒன்றைத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒழுங்காக வாசித்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய வழக்கு அது. அந்தச் செய்தியையும் மூன்று ஆங்கில எழுத்துக்களுக்குள் அடக்கித்தான் நாங்கள் வெளியிட்டோம்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டும். 1956 ஜூன் 5 ஆம் திகதி காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்து அடிவாங்கியவர்கள் எதற்காக அடிவாங்கினார்கள்? 1961 இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் குந்தியிருந்தவர்கள் எதைக் கேட்டார்கள்? அரச கருமம் தமிழிலும் நடக்க வேண்டும் என்று. 13ஆம் திருத்தத்தின் மூலம் 1987 இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறியது. நடைமுறையில் ஆயிரம் குறைகள் உண்டு. பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்திடும் அவலம் நான் கண்ணால் கண்டது. ஆயினும் சட்டங்களுக்குத் தமிழ்ப் பிரதி இருக்கிறது. அந்தப் பிரதியைப் பெறுவதற்காக ஒரு தலைமுறை தடியடி வாங்கியது. அதைப் புரட்டிப் பாராமல், தலைநகரிலிருந்து வந்த ஆங்கில அறிக்கையின் சுருக்கத்தை அப்படியே எழுத்துப்பெயர்த்துப் போடுகிறோம்.

சிங்களப் பத்திரிகையாளர் இந்த விடயத்தில் நம்மைவிடக் கவனமானவர். ஐக்கிய தேசியக் கட்சியை அவர் ‘எஜாப’ என்பார், சுதந்திரக் கட்சியை ‘ஸ்ரீலநிப’ என்பார், இ.போ.ச. அவருக்கு ‘லங்கம’. எல்லாம் சிங்களச் சொற்களின் முதலெழுத்து. ஜனதா விமுக்தி பெரமுனவை அவர் ‘ஜவிபெ’ என்று எழுத, அந்தச் சிங்களப் பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களைத் தமிழில் எழுத்துப்பெயர்த்து ‘ஜே.வி.பி.’ என்று நாங்கள் எழுதுகிறோம். மூன்று மொழிகள் செலவான பின்னரும் மக்கள் விடுதலை முன்னணி என்ற பொருள் வாசகருக்குப் போய்ச் சேரவில்லை. தமிழுக்காகவே ஆயுதம் ஏந்தியதாகச் சொன்ன இயக்கங்களும் இதற்கு விலக்கல்ல. ரெலோ, புளொட், ஈரோஸ்: தமிழீழம் கேட்டவர்கள் தங்கள் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கிச் சுவரில் எழுதினார்கள்.

உலகெங்கும் பரந்திருக்கும் வாசகருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்தை நாங்கள் ‘ரி’ என்போம். தமிழகத்தார் ‘டி’ என்பர். எமக்கு ‘டி’ என்பது நான்காவது எழுத்து. ஆகவே தமிழகப் பத்திரிகையில் ‘டி.என்.ஏ.’ என்று கண்டால் அது கூட்டமைப்பா, மரபணுவா என்று இடம் பார்த்துத்தான் தெளிய வேண்டும். இங்கேயும் நிம்மதியில்லை. 2010 பொதுத் தேர்தலில் சரத் பொன்சேகா தலைமையில் நின்ற ஜனநாயக தேசியக் கூட்டணியும் டி.என்.ஏ. தான். புதைகுழியில் எடுத்த எலும்புகளுக்கு மரபணுப் பரிசோதனை கேட்டு நிற்கும் தாய்க்கு இந்த வேடிக்கை சிரிப்பைத் தராது.

‘இடம் போதாது’ என்று சகபாடிகள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். தொண்ணூறுகளில் காகிதத்துக்கும் தடை இருந்த யாழ்ப்பாணத்தில், கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம் ஒன்று இருந்தது. அப்போது ஒவ்வோர் எழுத்துக்கும் விலை. அன்று சுருக்கியதற்கு நியாயம் உண்டு. இன்று இணையத்தில் எந்தத் தாள் தீர்ந்து போகிறது? ஒரு நடிகையின் திருமணத்துக்கு எட்டுப் பந்தி எழுத இடம் இருக்கிறது; ஒரு சட்டத்தின் பெயரை ஒருமுறை முழுதாக எழுத இடம் இல்லையா?

‘சனங்களுக்கு விளங்கும்’ என்பது இரண்டாவது சமாதானம். 2009 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வவுனியாவில் ஒரு மருத்துவமனை வாசலில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். முள்ளிவாய்க்காலிலிருந்து வந்து முகாமில் இருந்தவர். பொலிஸ் காவலோடு மகளைச் சிகிச்சைக்குக் கூட்டி வந்திருந்தார். கையில் ஒரு துண்டு. என்னைப் பத்திரிகைக்காரன் என்று அறிந்ததும் அதைக் காட்டி, “தம்பி, எங்களை ஐ.டி.பி. ஐ.டி.பி. எண்டினம். அது என்ன, இயக்கத்தின்ர பேரோ?” என்று கேட்டார். உள்நாட்டில் இடம்பெயர்ந்த ஆள் என்று விளக்கினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “ஆள் எண்டு இருக்கோ அதுக்குள்ள?” என்றார்.

ஆம், இருக்கிறது. கடைசி எழுத்து அதுதான். ஆனால் நாங்கள் ‘ஐ.டி.பி.க்கள்’ என்று பன்மை விகுதி சேர்த்து எழுதினோம், மூட்டைகளுக்கும் பெட்டிகளுக்கும் சேர்ப்பதுபோல. தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் ‘பழைய ஐ.டி.பி.’, ‘புதிய ஐ.டி.பி.’ என்று இரண்டு வகை இருந்தது. 2008 ஏப்ரலுக்கு முன்னர் இடம்பெயர்ந்தவர் பழையவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்ட 70,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம்களும் அந்தப் ‘பழைய’ வகைக்குள் போய்விட்டார்கள். அவர்கள் இடம்பெயர்ந்தவர்கள் அல்லர், வெளியேற்றப்பட்டவர்கள். எவர் வெளியேற்றினார் என்ற கேள்வி அந்த மூன்று எழுத்துக்களுக்குள் காணாமற் போயிற்று. தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அது வசதியாகவும் இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டது அதைவிடக் கூச்சம்.

முழுப்பெயரும் பொய் சொல்லும்தானே என்று எவரேனும் கேட்கலாம். சொல்லும். அதே முகாம்களுக்கு அரசு வைத்த பெயர் நலன்புரி நிலையம்; முட்கம்பிக்கு உள்ளே நலன் புரிந்தார்கள். 1987 இல் வந்திறங்கியது இந்திய அமைதி காக்கும் படை. ஆனால் விரித்துச் சொன்ன பொய்யைப் பிடித்து உலுப்பலாம். அந்தப் படையின் பெயரிலிருந்த நான்கு ஆங்கில எழுத்துக்களையே வைத்துக்கொண்டு, ‘அப்பாவி மக்களைக் கொல்லும் படை’ என்று பொருள் வரும்படி யாழ்ப்பாணத்தார் வேறொரு விரிவு கொடுத்தார்களே, அமைதி என்ற சொல் முன்னால் நின்றபடியால் அல்லவா அந்தப் பகிடி பிறந்தது! ஐ.பி.கே.எவ். என்ற வெற்றொலியை எவர் பகிடி பண்ணுவது?

மக்கள் உண்டாக்கும் வழக்குச் சொற்கள் எப்போதும் இப்படித்தான். நாலாம் மாடி. வெள்ளை வான். தலையாட்டி. ஒவ்வொன்றும் இரண்டு சொல்லுக்குள் ஒரு முழு வாக்குமூலம். கந்தோர்ச் சுருக்கமோ வாக்குமூலத்தை அழிக்கிறது. ‘ஓ.எம்.பி.’யை வைத்தே இதைச் சொல்லலாம். 2016 ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அது. காணாமற் ‘போன’ என்ற அந்த வினையைத்தான் தாய்மார் ஏற்கவில்லை. எங்கள் பிள்ளைகள் தாமாகப் போகவில்லை, ஆக்கப்பட்டார்கள் என்று 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் கொட்டில் போட்டுக் குந்தினார்கள். ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று செய்தியாளரைத் திருத்தினார்கள். இலக்கண வாத்தியார்மார் சொல்லாத பாடம் அது: தன்வினைக்கும் செயப்பாட்டு வினைக்கும் இடையில் ஒரு குற்றவாளி நிற்கிறான். அந்தத் தாய்மார் பலர் பதில் கிடைக்காமலேயே கண்மூடிவிட்டார்கள். நாங்கள் ‘ஓ.எம்.பி. அதிகாரிகள் வருகை’ என்று எழுதி, போனதா ஆக்கப்பட்டதா என்ற வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டோம்.

தனித்தமிழ் நண்பர்கள் இதை வாசித்துவிட்டு மகிழ வேண்டாம். பஸ்ஸைப் பேருந்தாக்குவதில் எனக்கு அக்கறை இல்லை. ஊரில் இன்றும் ஏ.ஜி.ஏ. கந்தோர் என்கிறார்கள், அந்தப் பதவி 1992 லேயே பிரதேச செயலாளராகிவிட்டது. கிராம அலுவலரை ஜி.எஸ். என்கிறார்கள். சொல்லட்டும், ஆளைத் தெரியும், வாசலைத் தெரியும், எவருக்கும் அநீதி இல்லை. நான் கேட்பது சிறிய விடயம். ஒரு மனிதனைக் கைதுசெய்யும் சட்டத்தின் பெயரை, ஒரு மனிதனை வகைப்படுத்தும் பெயரை, செய்தியில் முதன்முறை வரும்போது தமிழ்ப் பிரதியில் உள்ளபடி, அடைப்புக்குறியும் சேர்த்து, முழுமையாக எழுதுங்கள். அதன் பின்னர் சுருக்க வேண்டுமானால் தமிழில் சுருக்குங்கள். உதவி ஆசிரியர் வெட்டினால் மறுபடி எழுதுங்கள். நான் உதவி ஆசிரியராக இருந்து வெட்டிய காலத்தில் எவராவது ஒருவர் மறுபடி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பி.கு.: மருமகள் தனது கட்டுரையில் ரி.என்.ஏ. என்று வருமிடமெல்லாம் விரித்து எழுதிவிட்டதாகச் சொன்னாள். நான்கு பக்கம் கூடிவிட்டதாம். பி.ரி.ஏ. யின் முழுப்பெயரையும் கேட்டாள், சொன்னேன். “ரெம்பரறியோ? அப்ப எப்ப முடியுது, மாமா?” என்றாள்.